ஓநாய் வாரத்தில் போட்ட கண்ணி

என்னை ஓர் இடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். செப்பெலாரே மலையூரில், எங்கள் இறைச்சிக் கடையில், வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நின்றே பழகிய கால்கள் என்னுடையவை. சாப்பாடுகூட நின்றபடிதான். டிவி பார்க்கும்போது நடுவில் எழுந்து போய் அடுப்பைத் துடைப்பேன், என் புருஷன் ரங்கெல் தலையில் கை வைத்துக்கொள்வான். இப்படிப்பட்ட ஒருத்தியிடம், உள்ளே உன் புருஷனின் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறோம், நீ இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திரு என்று சொன்னால் எப்படி?

ப்ளோவ்திவ் நகர ஆஸ்பத்திரியில் அந்தத் தாழ்வாரம் நல்ல நீளம். ஒரு முனையில் ஆபரேஷன் அறையின் இரட்டைக் கதவு, மறுமுனையில் காப்பி மெஷின். காலையிலிருந்து இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் ஓடினேன். ஒரு தடவை அழுக்குத் துணி வண்டி வந்தது. இன்னொரு தடவை ஒரு நர்ஸ் வாயில் ரொட்டியோடு வந்தாள். அவளிடம் என் புருஷன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன், அவள் மென்றுகொண்டே தோளைக் குலுக்கினாள். நல்லவேளை என் கையில் இறைச்சிக் கத்தி இல்லை.

ரங்கெல் மரக்கட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அக்டோபரில் ரோஜென் கணவாய் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினான். மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இதயத்தை நிறுத்தி வைத்து, காலிலிருந்து எடுத்த குழாயை ஒட்டுப்போட்டுத் தைத்து, பிறகு மறுபடி ஓடவிடுவோம் என்று டாக்டர் கோலெவ் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். ஓடுமா என்று கேட்டேன். பெரும்பாலும் ஓடிவிடும் என்றார். அதென்ன 'பெரும்பாலும்'? எங்கள் கடையில் யாராவது வந்து இந்தக் கறி நல்லதா என்று கேட்டால், பெரும்பாலும் நல்லதுதான் என்று நான் சொல்ல முடியுமா?

கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் வெலிக்கா உட்கார்ந்திருந்தாள். ரங்கெலின் அக்கா, எனக்கு நாத்தனார். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம், நான் முன்னால், அவள் கடைசி வரிசையில். எங்களுக்குள் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெலிக்கா தெர்லிக் பின்னி விற்பவள். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிக் காலுறை அது, எங்கள் மலையில் அது இல்லாத வீடு கிடையாது. வருஷா வருஷம் தம்பிக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. நாலு வருஷத்துக்கு முன் நாங்கள் தரைக்கு அடியில் சூடுதண்ணீர்க் குழாய் போட்டோம். புதுத்தரையைப் பார்க்க வந்தவள் வழக்கம்போல இரண்டு ஜோடி நீட்டினாள். இனிமே இதெல்லாம் வேண்டாம், கால் வியர்க்குது என்று நான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. அவள் நீட்டியதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். நானும் போய்க் கூப்பிடவில்லை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று அவளைப் பார்க்கவே விநோதமாக இருந்தது. கையில் ஊசி இல்லாத வெலிக்காவை நான் பார்த்ததே இல்லை. நடந்தாலும் பின்னுவாள், பஸ்ஸிலும் பின்னுவாள், சாவு வீட்டிலும் பின்னுவாள். அன்றைக்குக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கைகள் எழுந்து ஓடிவிடும் என்று பயந்தவள் போல. நவம்பர் நடு. ஓநாய் வாரம். அந்த வாரத்தில் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கம்பளியைத் தொட மாட்டார்கள். ஆண்பிள்ளைக்கு என்று அந்த நாட்களில் எதைப் பின்னினாலும், அதைப் போட்டுக்கொள்கிறவனை ஓநாய் தேடி வருமாம். கத்தரிக்கோலைத் திறக்கவும் கூடாது. வெலிக்கா தன் கத்தரிக்கோலின் வாயைச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டிவிடுவாள், ஓநாயின் வாயும் கட்டுப்பட்டுக் கிடக்கட்டும் என்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, அந்த வாரத்தில் கத்தியா என்று தம்பியிடம் அழுதிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டான். நானும்தான். வருஷாவருஷம் ஓநாய் வாரத்தில் நான் கறி வெட்டுகிறேன், என்னை எந்த ஓநாயும் வந்து விசாரித்ததில்லை.

மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து ரங்கெலின் உடைமைகள் என்று ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் தந்தாள். பெல்ட், போன், சட்டை, பூட்ஸ். பூட்ஸுக்குள் சுருட்டி வைத்த ஒரு ஜோடி தெர்லிக். சாம்பல் நிறம், விளிம்பில் சிவப்பு, குதிகாலில் ஒட்டுப்போட்டது. எனக்குத் தெரியாமல் லாரிக்குள் போட்டு ஓட்டியிருக்கிறான், கள்ளன். நான் பார்த்தேன். நிமிர்ந்தால் வெலிக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையை முடிச்சுப் போட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகுதான் காவலாளியோடு சண்டை வந்தது. என் நடையில் மற்றவர்களுக்குத் தலை சுற்றுகிறதாம். நான் கதவின் வட்டக் கண்ணாடியில் மூக்கை வைத்து எட்டிப் பார்க்கிறேனாம். இன்னொரு தடவை பார்த்தால் கீழே முற்றத்தில் போய்க் காத்திருக்க வேண்டும் என்றான். நான் அவன் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அவன் லிஃப்ட்டுக்குக் கையைக் காட்டினான். டாக்டர் வெளியே வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேனே. நகராமல் நின்றேன்.

"இங்க வா. உட்காரு."

வெலிக்காவின் குரல். நாலு வருஷத்துக்கப்புறம் முதல் வார்த்தை. காவலாளியிடம் அவள், இவள் இனி எழுந்திருக்க மாட்டாள், நான் பொறுப்பு என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான். எனக்கு வேறு வழியில்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே என் முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது, நாற்காலி வரிசை முழுவதும் அதிர்ந்தது.

அவள் காலால் தன் பையை என் பக்கம் தள்ளினாள். உள்ளே இரண்டு ஊசி இருக்கிறது, ஓர் உருண்டை நூல் இருக்கிறது, எடு என்றாள். எனக்குப் பின்னத் தெரியாது என்றேன். ஊருக்கே தெரியும் என்றாள். உங்களுக்கு இது ஓநாய் வாரம் இல்லையா என்று குத்திக் கேட்டேன்.

"நான் தொட மாட்டேன். வாயால சொல்லுவேன், நீ பண்ணு. நீதான் இதையெல்லாம் நம்பாதவளாச்சே, உன்னை எந்த ஓநாய் கடிக்கப் போகுது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், இது யாருக்கும் இல்லை, ஒன்றுக்கும் இல்லை, வெறும் கைப்பழக்கம், யார் பேரையும் நினைக்காமல் பின்னு என்று.

நூலைக் கழுத்தைச் சுற்றிப் போடச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பின்னுவார்கள். உருண்டை அவள் பைக்குள், நூல் அங்கிருந்து ஏறி என் பின்கழுத்தைச் சுற்றி, நெஞ்சு வழியாக ஊசிக்கு வரும். முரட்டு ஆட்டுக் கம்பளி, கழுத்தில் அரித்தது. பழக்க தோஷத்தில் ஒரு தடவை எழுந்தேன். பைக்குள் உருண்டை துள்ளியது, நூல் கழுத்தை இழுத்தது. சே, கட்டிப்போட்ட ஆடு மாதிரி திரும்ப உட்கார்ந்தேன். வெலிக்கா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் ஊசியில் நூல் வளையங்களை ஏற்ற வேண்டும், கண்ணி என்பார்கள். அதற்கே எனக்கு விழி பிதுங்கியது. அவள் தொட மாட்டாள், நான் முடிச்சுப் போட்டால் அது கழன்றது, கழலாதது நகரவே இல்லை. "மாட்டுக் கயிறா கட்டுற? தளர விடு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊசியைக் காப்பி மெஷின்மேல் எறிந்திருப்பேன், காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாகக் கோணல்மாணலாக ஒரு வரிசைக் கண்ணி ஊசியில் ஏறியது.

பிறகு பின்னல். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் விடு. இடது கட்டைவிரலால் நூலை நுனிமேல் தள்ளு. நூலோடு ஊசியைக் கண்ணிக்குள்ளிருந்து இழு. பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடு. அவ்வளவுதான் என்றாள். அவள் வாயால் சொல்லும்போது அவ்வளவுதான். என் கையில், நுனி நூலைப் பிளந்துகொண்டு போனது, கட்டைவிரல் தள்ளிய நூல் திரும்ப ஓடி வந்தது. இழுக்கும்போது புதுக் கண்ணியும் போனது, பழைய கண்ணியும் போனது. கறியில் எலும்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஒரு நூல் என்னை இப்படி அலைக்கழித்தது.

வெலிக்காவுக்கும் அது சித்திரவதைதான். நான் தப்பாக விட்ட ஒவ்வொரு முறையும் அவள் விரல்கள் தொடைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, மறுபடி உள்ளே போயின. "விடு, தள்ளு, இழு, நழுவ விடு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் சொல்வதற்குள் என் கை செய்துவிட்டது. விட்டது, தள்ளியது, இழுத்தது, பழைய கண்ணி சொட்டென்று நழுவி விழுந்தது. புதுக் கண்ணி ஊசியில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொள்ளச் சொன்னாள், மாற்றிக்கொண்டு திரும்பவும் அதையே செய்தேன்.

கதவு திறந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், ஓடவில்லை. துணி வண்டி. குனிந்து அடுத்த கண்ணிக்குப் போனேன். என் முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது, அதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. ஓரங்கள் கோணல், நடுவில் ஓர் ஓட்டை, இருந்தாலும் அது துணி. என் கையால் வந்த துணி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"பாருங்க அண்ணி, சரியா ரங்கெல் பாதம் அகலம். இதை முடிச்சுட்டு அவனுக்கே தெர்லிக்கா தைச்சுடலாம்" என்றேன்.

வெலிக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் நாலு வருஷத்துக்கப்புறம் அண்ணி என்று கூப்பிட்டதைக்கூட அவள் கேட்டாளா தெரியாது.

"பேரைச் சொல்லிட்டியே" என்றாள். "பிரி. இப்பவே பிரிச்சுடு."

எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து நான் செய்த முதல் பின்னல், பிரிப்பதா? முடியாது என்றேன். அவன் உள்ளே கிடக்கிறான், அவன் பேரில் ஓநாய் வாரத்தில் கம்பளி பின்னி வைத்திருக்கிறாய், பிரி என்றாள். ஓநாயும் இல்லை, நாயும் இல்லை, டாக்டர் கையில் இருக்கிறது எல்லாம் என்று கத்தினேன். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான். வாயை விட்டுட்டு, அடுத்தவங்க மனசு என்னாச்சுன்னு திரும்பிப் பார்க்கமாட்ட" என்றாள் வெலிக்கா.

நான் எழுந்தேன். நூல் கழுத்தை இழுத்தது. இழுக்கட்டும் என்று நடந்தேன். உருண்டை பையிலிருந்து குதித்துத் தரையில் உருண்டு அவள் காலடியிலேயே கிடந்தது, நூல் என் பின்னால் தாழ்வாரம் முழுவதும் நீண்டு வந்தது. காவலாளி வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். காப்பி மெஷின் பக்கத்தில், கடைசி நாற்காலியில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீம்புக்கு இன்னும் வேகமாகப் பின்னினேன்.

விடு, தள்ளு, இழு, நழுவ விடு. கை நன்றாகத்தான் ஓடியது. மனசு ஓடவில்லை. ஒவ்வொரு கண்ணி நழுவும்போதும் உள்ளே எதுவோ நழுவுகிறது என்று தோன்றியது. இதயத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த நிமிஷம் அது நின்று கிடக்கிறதா, ஓடுகிறதா? நான் இங்கே உட்கார்ந்து வீம்புக்கு அவன் பாதத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை. ஆனால் 'பெரும்பாலும்' என்று சொன்னது வெலிக்கா இல்லை, டாக்டர். அந்த வார்த்தைக்குள் மிச்சம் இருக்கிற இடத்தில் என்ன நிற்கிறது என்று அந்த டாக்டருக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஓநாய் நின்றால், அதோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. என் ரங்கெல் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கதவு திறந்தது. திரும்பினேன். டாக்டர் கோலெவ், தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகத்தில் களைப்பு தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ரங்கெலோட வீட்டுக்காரங்க யாரு?"

காலையிலிருந்து துணி வண்டிக்கெல்லாம் ஓடிய நான், அப்போது எழுந்திருக்கவில்லை. ஊசியைக் கண்ணிகளிலிருந்து உருவினேன். நூலைப் பிடித்து இழுத்தேன். வரிசை பிரிந்து வந்தது.

டாக்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வெலிக்கா கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சேதி கிடைத்திருக்கும். அவள் என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் முகத்துக்கு நேரே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். இன்னும் முடியல."

டாக்டர் என்ன முடியவில்லை என்று கேட்க வாயெடுத்தவர், தரையில் ஓடும் நூலைப் பார்த்தார். அவரும் எங்கள் மலைக்காரர்தான் போல, வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். வெலிக்கா குனிந்து காலடியில் கிடந்த உருண்டையை எடுத்தாள். ஓநாய் வாரத்தில் கம்பளியைக் கையில் எடுத்தாள். நான் பிரிக்கப் பிரிக்க அவள் சுற்றினாள். தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் ஓடியது, நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள், யாரும் அதைத் தாண்டவில்லை. முரட்டுக் கம்பளி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. காலையில் ரொட்டி மென்ற அந்த நர்ஸ் கத்தரிக்கோல் வேண்டுமா என்று அன்பாகத்தான் கேட்டாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று போட்ட சத்தத்தில் அவள் பின்வாங்கிவிட்டாள்.

கடைசியாக முதல் முடிச்சு மட்டும் நின்றது. நான் மாட்டுக் கயிறு மாதிரி இறுக்கிய முடிச்சு. நகத்தால் கிளறினேன், வரவில்லை. கண்ணில் தண்ணீர் மறைத்தது, முடிச்சே தெரியவில்லை. வெலிக்கா நூலைச் சுற்றிக்கொண்டே தாழ்வாரம் முழுவதும் நடந்து வந்து, என் கழுத்திலிருந்து நூலைத் தூக்கி எடுத்தாள். பிறகு என் கையிலிருந்த முடிச்சை வாங்கிப் பல்லால் கடித்து இழுத்தாள். அது விட்டது.

"முடிஞ்சுதா அண்ணி?"

"முடிஞ்சுது. வா."

இருவரும் சேர்ந்து நடந்தோம். அந்தத் தாழ்வாரத்தில் அன்றைக்கு நான் மெதுவாக நடந்தது அந்த ஒரு தடவைதான். டாக்டர் முன்னால் போய் நின்று, இப்போது சொல்லுங்கள் என்றேன்.

ஓடுகிறது என்றார். தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அவர் மருந்து, காய்ச்சல், படி ஏறுவது என்று என்னென்னவோ சொன்னார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை, வெலிக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவள் கையில் இருந்த உருண்டை என் முதுகில் அழுந்தியது.

ரங்கெலுக்கு நன்றாகப் பேச்சு வந்த பிறகு எங்கள் இருவரையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவன் மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருப்பான். மாறி மாறிப் பார்த்தான். அவ்வளவு நேரம் வெளியே என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டான்.

"ஒண்ணும் பண்ணல" என்றேன். உண்மைதானே, காட்ட என்ன இருக்கிறது?

"நீயா? ஒண்ணும் பண்ணாம ஒரு இடத்துல உட்கார்ந்திருந்தியா?" சிரிக்கப் போனவன் நெஞ்சுத் தையல் இழுத்து முகத்தைச் சுளித்தான்.

வெலிக்கா கட்டிலின் காலடியில் நின்று அந்தப் பழைய சாம்பல் தெர்லிக்கை அவன் பாதத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உட்கார்ந்திருந்தாடா" என்றாள். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."